கை காட்டினால் உட்காரும் வகுப்பு

நான் வேலை பார்த்த பள்ளிக்கூடம் காரைக்குடிப் பக்கம் கோட்டையூரில் ஒரு பெரிய பழைய வீட்டின் முன்பாதி. கூடத்தில்தான் வகுப்பு. எல்.கே.ஜி.க்கும் முந்தைய வகுப்பு, மூன்று மூன்றரை வயதுப் பிள்ளைகள் இருபத்திரண்டு பேர். கூரை அண்ணாந்து பார்க்கும் உயரம். ஒரு பிள்ளை தும்மினால் எதிர்ச் சுவரும் தும்மும். இருபத்திரண்டும் சேர்ந்து வாயைத் திறந்தால் பக்கத்தில் நிற்பவர் பேசுவது கேட்காது. தொடங்கிய வருஷம் பாடம் எடுத்த டீச்சருக்குத் தொண்டை புண்ணாகிக் குரலே போய்விட்டதாம். அதற்குப் பிறகு, பள்ளிக்கூடத்தை நடத்தும் பெரிய மிஸ் ஒரு முறையைக் கொண்டுவந்தார். யாரும் கத்தக் கூடாது, எல்லாம் கையால்தான். உள்ளங்கையை மேலே தூக்கினால் பிள்ளைகள் எழ வேண்டும். கீழே அமர்த்தினால் உட்கார வேண்டும். கட்டை விரலை வாய்ப்பக்கம் சாய்த்தால் தண்ணீர் குடிக்க வேண்டும். ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்தால் இருபத்திரண்டு விரலும் இருபத்திரண்டு உதட்டுக்குப் போக வேண்டும்.

பார்க்க வருகிற பெற்றோர் அசந்து போவார்கள். மூன்று வயதில் இவ்வளவு ஒழுக்கமா என்பார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

நான் ஒன்பதாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். திண்டுக்கல் பக்கம் நூற்பாலை, திருப்பூரில் பனியன் கம்பெனி, மதுரையில் ஓர் ஆஸ்பத்திரியில் தரை துடைக்கிற வேலை, எர்ணாகுளத்தில் ஒரு ஹாஸ்டல் அடுப்படி என்று சுற்றியவள். எந்த ஊரிலும் இரண்டு வருஷத்துக்கு மேல் இருந்ததில்லை. யாரும் விரட்டவில்லை, நானாகத்தான் கிளம்புவேன். காரைக்குடிக்கு ஒரு கல்யாணச் சமையல் ஆட்களோடு காய் நறுக்க வந்தேன். அவர்கள் அடுத்த ஊருக்கு வேன் ஏறினார்கள், நான் ஏறவில்லை. ஏன் என்று கேட்டால் இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

இந்தப் பள்ளியில் ஆயாவாகத்தான் சேர்ந்தேன். மூன்றாம் மாதம் அசிஸ்டன்ட் மிஸ்ஸுக்குக் கல்யாணம் ஆகி அவள் நின்றுகொண்டாள். பெரிய மிஸ் என்னைக் கூப்பிட்டு ஒரு நீலச் சேலையைக் கையில் கொடுத்தார்.

"நாளையிலிருந்து இதக் கட்டிட்டு வாங்க. பேரன்ட்ஸ் கேட்டா பிளஸ் டூன்னு சொல்லுங்க."

"கேக்கலைன்னா?"

"கேக்கலைன்னா நீங்களா எதுக்குச் சொல்றீக?"

ஒருவரும் கேட்கவில்லை. சேலை மாறியதே தவிர வேலை மாறவில்லை. ஷூ கழற்றுவது, மூக்குத் துடைப்பது, பாத்ரூம் கூட்டிப் போவது, ஸ்நாக்ஸ் டப்பா மூடியைத் திறந்து கொடுப்பது. கூடவே வகுப்பு மிஸ் பாட்டுக்கு ஆக்‌ஷன் செய்யும்போது நான் பின்னால் நின்று அதையே செய்ய வேண்டும். வகுப்பு மிஸ் தேவகோட்டைப் பெண், இருபத்து நாலு வயது, டிகிரி முடித்து டீச்சர் ட்ரெய்னிங்கும் படித்தவள். என்னை அக்கா என்பாள், நான் அவளை மிஸ் என்பேன்.

முதல் வரிசையில் நடுவில் ஒரு பெண் பிள்ளை உட்காரும். இரண்டு பக்கமும் சிவப்பு கிளிப். சேர்ந்த நாளிலிருந்து அதே இடம்தான். வேறு பிள்ளை அங்கே உட்கார்ந்தால் போய்ப் பக்கத்தில் நின்றுகொண்டே இருக்கும், அழாது, எழுந்து கொடுக்கும் வரை நிற்கும். மிஸ் கை உயர்ந்தால் முதலில் எழுவது அது. விரல் உதட்டுக்குப் போனால் முதலில் விரல் வைப்பதும் அதுதான். மிஸ் முகத்தை விட்டுக் கண் எடுக்காது. வாரம் முழுக்க அமைதியாக இருந்த பிள்ளைக்கு வெள்ளிக்கிழமை கையில் ஸ்டார் ஒட்டிப் போட்டோ எடுத்து, பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் போடுவோம். பாதி வாரங்கள் அந்தப் பிள்ளைதான் போட்டோவில் இருக்கும்.

பேசாது. ஆனால் அந்த வயதில் பள்ளிக்கூடத்தில் வாய் திறக்காத பிள்ளைகள் வகுப்புக்கு இரண்டு மூன்று இருக்கத்தான் செய்யும். வீட்டில் வாயாடும், இங்கே வந்தால் ஊமையாகிவிடும். அதனால் யாருக்கும் அது பெரிதாகப் படவில்லை. எனக்கு அதைப் பிடிக்கும் என்று சொன்னால் பாதிதான் உண்மை. அதனால் எனக்கு வேலை மிச்சம், அதுதான் முழு உண்மை.

ஒரு தடவை மட்டும் அது என்னைக் கோபப்படுத்தியது. குழாயடியில் தண்ணீரைத் திறந்துவிட்டு விளையாடிக்கொண்டு நின்றது. பின்னாலிருந்து நாலு தடவை கூப்பிட்டேன், திரும்பவே இல்லை. போய்க் கையைப் பிடித்து இழுத்து, மேல்கையில் ஒரு கிள்ளு வைத்தேன்.

"கூப்புடுறது காதுல விழல? செவிடா நீ?"

எல்லாரும் எல்லாப் பிள்ளையையும் கேட்கிற கேள்விதான். நான் பேசும் வாயையே அது பார்த்துக்கொண்டிருந்தது. அழுதபோதும் கண்ணை எடுக்கவில்லை.

பொங்கல் விடுமுறை முடிந்து வந்த முதல் வெள்ளிக்கிழமை. வெள்ளிக்கிழமை எல்லாப் பிள்ளைகளுக்கும் பள்ளியிலேயே சுண்டல் கொடுப்போம். எவர்சில்வர் தட்டுகளைக் கழுவி அடுக்கி, அடுக்கை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கூடத்தின் பின்பக்கமாக வந்தேன். மிஸ் அப்போதுதான் உதட்டில் விரல் வைத்திருந்தாள். இருபத்திரண்டு பிள்ளைகளும் முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்கள். யாரோ பாட்டிலைச் சாய்த்துத் தண்ணீர் சிந்தியிருந்ததை நான் பார்க்கவில்லை. கால் வழுக்கியது. இருபத்திரண்டு தட்டும் ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விழுந்தன.

அந்தக் கூடத்தில் அந்தச் சத்தம் எப்படி இருந்திருக்கும் என்று எழுதிக் காட்ட எனக்குத் தெரியாது. மிஸ் கையிலிருந்த ஸ்கெட்ச் பேனா எகிறிப் போனது. பிள்ளைகளுக்கு உட்கார்ந்த இடத்திலேயே தூக்கிவாரிப் போட்டது. இரண்டு வீறிட்டன. ஒரு பையன் டவுசரை நனைத்துவிட்டான். கடைசித் தட்டு வட்டமடித்துச் சுற்றி அடங்குவதற்குள் எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பிவிட்டது.

ஒரு தலை திரும்பவில்லை.

முதல் வரிசை நடுவில், சிவப்பு கிளிப் அசையாமல், விரல் உதட்டில் இருந்தபடி, மிஸ் முகத்தைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. தோள்கூட அசையவில்லை. பிறகு மிஸ்ஸின் முகம் மாறியதைப் பார்த்தது. இடது பக்கத்துப் பிள்ளையைப் பார்த்தது. அந்தப் பிள்ளை இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தது. இதுவும் விரலை உதட்டிலிருந்து எடுத்து, இரண்டு கையையும் தூக்கி, இரண்டு காதையும் பொத்திக்கொண்டது.

நான் கீழே கிடந்தேன். முழங்கையில் தோல் போயிருந்தது, அது மறுநாள்தான் தெரிந்தது. எழுந்திருக்கத் தோன்றவில்லை. தட்டுகளுக்கு நடுவில் உட்கார்ந்து அந்தப் பிள்ளையின் இரண்டு கைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மிஸ் வந்து தூக்கிவிட்டாள். "அடி பட்டுருச்சா அக்கா? ஏன் இப்படி முழிக்கிறீக?"

"மிஸ், அந்தப் பிள்ளைக்குக் காது கேக்கல."

சிரித்தாள். "எல்லா ரைம்ஸும் ஆக்‌ஷனோட செய்யுறா. கேக்காமயா செய்வா?"

"பாத்துச் செய்யுது."

சிரிப்பு முகத்திலேயே நின்றது. பிள்ளைகளை அமர்த்தி, சுண்டல் கொடுத்து, நனைந்த பையனுக்கு டவுசர் மாற்றிய பிறகு, அவளே அந்தப் பிள்ளையைக் கூட்டிப்போய் ஜன்னலோரம் வெளியே பார்த்தபடி நிறுத்தினாள். தெருவில் ஓர் ஆடு போஸ்டரைக் கிழித்துத் தின்றுகொண்டிருந்தது. பிள்ளை அதையே பார்த்தது. மிஸ் போனை ஸ்பீக்கரில் இணைத்து, பிள்ளைகளுக்கு ரொம்பப் பிடித்த மீன் பாட்டை முழுச் சத்தத்தில் வைத்தாள். இருபத்தோரு பிள்ளைகளும் எழுந்து கையை நெளித்து நீந்தத் தொடங்கின. ஜன்னலோரம் ஒன்று மட்டும் ஆட்டைப் பார்த்து நின்றது. பாட்டு பாதிக்கு மேல் போய்விட்டது. ஆடு தெருமுனை திரும்பியது. பிள்ளை வகுப்பைப் பார்த்தது. உடனே அதன் கையும் நீந்தத் தொடங்கியது. எந்த அடி ஓடுகிறதோ சரியாக அந்த அடிக்கான கை.

மிஸ் பிள்ளைகள் உட்காரும் குட்டி நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள். "ஜூன் மாசத்துலருந்து இங்க இருக்காக்கா" என்றாள். அதையே மறுபடியும் சொன்னாள்.

எனக்கு அவளைவிட மோசமாக இருந்தது. நூற்பாலையில் நான் இருந்த பகுதியில் மெஷின் சத்தத்தில் யாருக்கும் யார் பேச்சும் கேட்காது. நாங்கள் வாயைப் பார்த்துத்தான் பேசிக்கொள்வோம். அங்கே பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்து முக்கால் காது போன ஓர் அக்கா என் அறையில்தான் இருந்தாள். எதிரில் இருப்பவர் உதட்டிலிருந்து கண்ணை எடுக்க மாட்டாள். அந்தப் பார்வை எனக்கு நன்றாகத் தெரிந்த பார்வை. ஏழு மாதமாகத் தினமும் அதே பார்வையைப் பார்த்து, சமத்துப் பிள்ளை என்று ஸ்டார் ஒட்டியிருக்கிறேன். கிள்ளியிருக்கிறேன்.

பெரிய மிஸ்ஸிடம் இருவரும் போனோம். அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். முதலில் நம்பவில்லை. ஆண்டு விழா நடனத்தில் அந்தப் பிள்ளைதான் முன்வரிசை என்றார். ஜன்னல் விஷயத்தைச் சொன்னதும் நம்பிவிட்டார், அது முகத்தில் தெரிந்தது. உதடு வெளுத்துவிட்டது. ஆனால் பேச்சு வேறு மாதிரி வந்தது.

"ஆண்டு விழா முடியட்டும். பக்குவமாச் சொல்லிக்கிருவோம்."

"அதுக்கு இன்னும் ரெண்டு மாசம் இருக்கு" என்றேன்.

"இத்தன மாசம் போயிருச்சு, இந்த ரெண்டு மாசத்துல என்ன? இப்பச் சொன்னா, ஏழு மாசமா என்னத்தப் பாத்தீகன்னு கேப்பாக. என்ன பதில் சொல்லுவீக? சொல்லுங்க பாப்போம்."

அவர் கேட்டது நியாயமான கேள்வி. ஆனால் மதுரை ஆஸ்பத்திரியில் நான் தரை துடைத்தது காது மூக்கு தொண்டை வார்டில். ஏழு வயது, எட்டு வயதுப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். டாக்டர்கள் பெற்றோரைத் திட்டுவதைத் துடைப்பத்தோடு நின்று கேட்டிருக்கிறேன். சின்ன வயதில் வந்தால் பேச்சு வரும், வயது ஏற ஏறக் காது மிஷின் வைத்தாலும் பேச்சு வருவது கஷ்டம், இதுதான் தினமும் நடக்கும் திட்டு. இந்தப் பிள்ளைக்கு நாலு வயது ஆகப் போகிறது. ரெண்டு மாதம் என்பது எனக்கு ரெண்டு மாதமாகப் படவில்லை.

அன்று மதியம் பிள்ளைகளை அனுப்பும்போது கேட்டில் நின்றேன். அந்தப் பிள்ளையின் அம்மா பள்ளத்தூர்ப் பக்கத்திலிருந்து டவுன் பஸ்ஸில் வருவாள். இருபத்தெட்டு வயது இருக்கும். கணவர் சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை. மாமனார் வீட்டில் இருக்கிறாள். யாரோடும் நின்று பேச மாட்டாள், கையைப் பிடித்தால் நேரே பஸ் ஸ்டாப்தான். நான் அவளை வேப்பமரத்துப் பக்கம் ஓரமாகக் கூப்பிட்டேன்.

"பாப்பா இன்னும் பேசல, கவனிச்சீகளா?"

"அவுக அப்பாவும் அஞ்சு வயசுலதான் பேசுனாகளாம். வீட்டுல எல்லாரும் சொல்லுறாக. பேச்சு லேட்டா வர்ற வம்சம்."

மனப்பாடம் செய்ததுபோல் வந்தது.

"எனக்கு வாய் மேல சந்தேகம் இல்லம்மா. காது மேலதான்."

தட்டு விழுந்ததைச் சொன்னேன். ஜன்னலைச் சொன்னேன். அவள் அழுவாள், இல்லை என்னைத் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். இரண்டும் இல்லை. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"வேற யாருகிட்டயும் சொல்லிட்டீகளா?"

அந்த நாளில் இரண்டாவது தடவை எனக்குக் கால் நழுவியது.

"தெரியுமா உங்களுக்கு?"

"ரெண்டு வயசுல குக்கர் விசில் அடிச்சப்ப தொட்டில்ல கெடந்த பிள்ள கண்ணு முழிக்கல. அன்னைக்கே தெரியும்."

"யாருக்கும் சொல்லலையா?"

"சொல்லி? மொத ரெண்டு ஸ்கூல்ல உள்ளதச் சொல்லித்தான் கேட்டேன். எடம் இல்லைன்னுட்டாக. இங்க வந்து ஜன்னல் வழியாப் பாத்தேன், எல்லாம் கைய வச்சே நடக்குது. இங்க சேத்தா ஒருத்தருக்கும் தெரியாதுன்னு சேத்தேன்." பிள்ளையின் கிளிப்பைச் சரி செய்தாள். "வீட்டுல ஒரு மாசம் பழக்குனேன். நடுவுல உக்காரணும், மூஞ்சியப் பாக்கணும், பக்கத்துப் பிள்ள என்ன செய்யுதோ அதச் செய்யணும். அவ கெட்டிக்காரி. எல்லாத்தையும் புடிச்சுக்கிட்டா."

பெருமையாகச் சொன்னாள். பெருமைதான், சந்தேகமே இல்லை. நாங்கள் தொண்டையைக் காப்பாற்ற ஒரு முறை வைத்திருந்தோம். அவள் அதற்குள் ஒரு பிள்ளையை ஒளித்து வைத்திருந்தாள். ஏழு மாதம் நாங்கள் எல்லாரும் சேர்ந்து ஒளித்திருக்கிறோம்.

"ஆஸ்பத்திரிக்கு?"

"அவுக வீட்டுல தெரிஞ்சா, ஏங் கொறைன்னு சொல்லுவாக. அவுக அக்கா ஏற்கெனவே ரெண்டாவது கல்யாணப் பேச்சு எடுத்தவுக. பிள்ளையோட அப்பாவுக்குச் சுத்தமாத் தெரியாது. கொஞ்சம் பெரியவளாகட்டும், பாத்துக்கலாம்னு..."

"பெரியவளாயிட்டா ஒண்ணும் பாக்க முடியாது" என்றேன். வார்டில் கேட்டதை அப்படியே சொன்னேன். எதையும் குறைத்துச் சொல்லவில்லை. அப்போதுதான் அவள் முகம் மாறியது. காத்திருந்தால் கெட்டுப்போகும் விஷயம் இது என்று அவளுக்கு ஒருவரும் சொன்னதில்லை. யாரிடமும் கேட்காதவளுக்கு யார் சொல்வார்கள்.

"எங்க போகணும்?" என்றாள்.

திங்கட்கிழமை நான் லீவு சொல்லாமல் நின்றுகொண்டேன். மூவரும் சிவகங்கைக்கு பஸ் ஏறினோம். பெரியாஸ்பத்திரியில் சீட்டு வாங்கி, வரிசையில் நின்று, காது பரிசோதிக்கும் அறைக்குப் போகவே மணி பதினொன்று. பிள்ளைக்கு மருந்து கொடுத்துத் தூங்க வைத்து, நெற்றியிலும் காதுக்குப் பின்னாலும் ஒயர் ஒட்டினார்கள். உள்ளே ஒருவர்தான் போகலாம். நான் வெளியே நின்றேன்.

டாக்டர் பெண்தான். என்னையும் உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். இரண்டு காதும் போயிருக்கிறது. லாரி ஹாரனைப் பக்கத்தில் வைத்து அடித்தால் லேசாக உணரலாம், அவ்வளவுதான். முதலில் மிஷின் மாட்டி மூன்று மாதம் பயிற்சி, அதற்குப் பிறகு காதுக்குள் கருவி பொருத்தும் ஆபரேஷன், அரசு காப்பீட்டில் செய்யலாம். பேச்சு வர நல்ல வாய்ப்பு இருக்கிறது.

"இன்னும் ரெண்டு வருஷம் கழிச்சு வந்திருந்தா நான் இப்படிச் சொல்ல மாட்டேன்" என்றார். "காப்பீட்டு அட்டையைக் கொண்டாங்க. ஆபரேஷனுக்கு அப்பாவோட சம்மதமும் வேணும்."

அட்டை கணவர் பெயரில், அவர் அண்ணன் வீட்டுப் பீரோவில் இருந்தது. கணவரிடம் சொல்லாமல் அது வெளியே வராது.

வெளியே மரத்தடிப் பெஞ்சில் உட்கார்ந்தோம். பிள்ளை தூக்கம் தெளிந்து அம்மா மடியில் இருந்தது. அப்போது போன் அடித்தது. வீடியோ கால். பிள்ளையின் அப்பாவுக்கு அங்கே சாயங்கால டீ இடைவேளை.

"தெனம் இந்நேரம் கூப்புடுவாக" என்று என்னிடம் சொல்லிவிட்டு எடுத்தாள். போனை வலது கையில் நீட்டிப் பிடித்தாள். மஞ்சள் ஹெல்மெட் வைத்த ஆள், பின்னால் இரும்புச் சாரம்.

"என்னத்தா, சாப்பிட்டியா? எங்க எம் பொண்ணு? ராசாத்தி, ஏ ராசாத்தி, அப்பாவப் பாரு."

நான் பக்கவாட்டில் உட்கார்ந்திருந்ததால் பார்த்தேன். அவளுடைய இடது கை பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் இருந்தது. அவர் பேர் சொன்ன அந்த நொடியில் இரண்டு விரலால் முதுகில் மெல்லத் தட்டினாள். பிள்ளை சட்டென்று போனை நிமிர்ந்து பார்த்தது. "அப்பாவுக்கு முத்தம் குடு" என்றார். இடுப்பில் ஒரு தடவை அழுத்தினாள். பிள்ளை உதட்டைக் குவித்து முத்தம் கொடுத்தது. "டாட்டா காட்டு." தோளில் ஒரு தட்டு. பிள்ளை கையை ஆட்டியது. அந்த ஆள் கடகடவென்று சிரித்தார்.

"சொன்னா சொன்னபடி கேக்குறா பாரு. வாயத் தொறந்து ஒரு அப்பா மட்டும் சொல்ல மாட்டேங்குறா கழுத."

தினமும் இந்நேரம். இரண்டு வருஷம்.

"அது என்ன பின்னாடி? ஆஸ்பத்திரி மாதிரி இருக்கு. யாருக்கு என்ன?"

பிள்ளையின் முதுகிலிருந்து இடது கையை எடுத்தாள். எடுத்துப் பெஞ்சின் மேல், எனக்கும் அவளுக்கும் நடுவில் வைத்தாள்.

"ஏங்க, இப்பப் பாப்பாவக் கூப்புடுங்க" என்றாள்.

"ஏன்? ராசாத்தி."

பிள்ளை தரையில் போகும் எறும்பு வரிசையைப் பார்த்துக்கொண்டிருந்தது.

"ராசாத்தி. ஏ ராசாத்தி, இங்குட்டுப் பாருத்தா."

பார்க்கவில்லை.

அவர் இன்னும் சத்தமாகக் கூப்பிட்டார். மருந்துச் சீட்டு வரிசையில் நின்ற இரண்டு பேர் எங்களைத் திரும்பிப் பார்த்தார்கள். மறுபடியும் கூப்பிட்டார். நாலாவது தடவையில் குரல் சரியாக எழவில்லை. பெஞ்சின் மேல் இருந்த கை பிள்ளையின் முதுகுக்குத் திரும்பிப் போகவில்லை.

போனில் அங்கே சுத்தியல் அடிக்கும் சத்தம் கேட்டது.

"எப்பருந்து?" என்றார்.

"அவளோட ரெண்டு வயசுலருந்து எனக்குத் தெரியும்."

"நான் தெனம் பேசுனது?"

"கேக்கல."

அவர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. பின்னால் யாரோ அவரைக் கூப்பிட்டார்கள், திரும்பவில்லை. கோபப்படுவார் என்று நான் நினைத்தேன். அவளும் அதைத்தான் எதிர்பார்த்து உட்கார்ந்திருந்தாள், முகத்தைக்கூடத் திருப்பவில்லை. அடி வாங்கியவர் எங்கே பட்டது என்று தடவிப் பார்ப்பதுபோல அவர் கன்னத்தைத் தடவிக்கொண்டே இருந்தார்.

"போன வச்சுராத" என்றார். எங்கள் பஸ் ஆஸ்பத்திரி வாசலில் வந்து நின்று, ஹாரன் அடித்துக் கிளம்பிப் போனது.

"டாக்டர் என்ன கேட்டாக?" என்றார் கடைசியில்.

"அட்டை வேணுமாம். உங்க சம்மதமும் வேணுமாம்."

"அண்ணன்கிட்ட நான் இப்பப் பேசுறேன். நீ ஒண்ணும் சொல்ல வேணாம். போய் அட்டைய மட்டும் வாங்கிட்டு வா." ஒவ்வொரு சொல்லுக்கும் நடுவில் நின்று நின்று சொன்னார். "நாளைக்கே வாங்கிட்டு வா."